வாசனை இல்லாத வீடு

எங்கள் வீட்டில் பதினெட்டு வருடம் ஊதுபத்தி ஏற்றியதில்லை. சாம்பிராணி போட்டதில்லை. பவுடர் கிடையாது, வாசனை சோப்பு கிடையாது, காபிகூடக் கிடையாது. காலைச் சமையல் ஏழரைக்குள் முடிந்து ஜன்னல்கள் எல்லாம் திறந்துவிடப்பட வேண்டும். சாமி படத்துக்கு முன்னால் ஒரு நல்லெண்ணெய் விளக்கு உண்டு. அதையும் நான் மாடியிலிருந்து இறங்கிய பிறகுதான் ஏற்றலாம். அக்கம்பக்கத்தில் இதை ஏதோ விரதம் என்று நினைத்திருந்தார்கள். விரதமும் இல்லை, வேண்டுதலும் இல்லை. எல்லாம் நான் போட்ட சட்டம்.

நான் வாசனைத் திரவியம் செய்கிறவன். கம்பெனி எதிலும் இல்லை. கோச்சடையில் என் வீட்டு மாடியில் ஒரு அறை, ஒரு தராசு, அலமாரி நிறைய சின்னச் சின்ன பாட்டில்கள், நான். அவ்வளவுதான் தொழிற்சாலை. அதற்கு முன்னால் ஊதுபத்திக்கு வாசனை கலந்து கொடுக்கும் ஓர் இடத்தில் வேலை பார்த்தேன். அங்கே முதலாளி வந்து நின்று, "ரோஸ இன்னும் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க" என்பார். ஒரு நாள் அவரிடம், "ரோஜாப் பூவை நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் மனைவி சொல்வாள். என் தொழிலில் இருக்கிறவனுக்கு அது பொருத்தமான இடம்தான்.

சட்டம் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் எங்களுக்குப் பெரிய எதிரி நாற்றம் இல்லை, பழக்கம். ஒரு வாசனைக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்தால் மூக்கு அதை மறந்துவிடும். கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாடு நாறாது. அதனால் மூக்கை அடிக்கடி ஓய்வு எடுக்க விட வேண்டும். சிலர் தங்கள் முழங்கை மடிப்பையே முகர்ந்து பார்த்துக்கொள்வார்கள். சிலர் ஒரு கம்பளித் துணி வைத்திருப்பார்கள். நான் அதற்கெல்லாம் போகவில்லை. என் முழு வீட்டையும் அப்படி ஆக்கிவிட்டேன்.

இதில் என் மனைவிக்கு என்ன பங்கு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் சிம்மக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமான மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். தலையில் இரண்டு முழம் மல்லிகைப் பூ. நான் தராசுக்கு முன்னால் குனிந்திருந்தேன். அவள் கதவுக்கு வெளியே இருக்கும்போதே அறை முழுக்க மல்லி நிறைந்துவிட்டது.

"பூவோட உள்ள வராத!" என்று கத்தினேன்.

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். "இல்லங்க, வெள்ளிக்கிழமைன்னு..."

"எந்தக் கிழமையா இருந்தா என்ன? ஒரு வாரத்து வேலை போச்சு. இனிமே இந்த வீட்டுக்குள்ள பூவே வேணாம்."

ஒரு வாரத்து வேலை ஒன்றும் போகவில்லை. ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் விட்டிருந்தால் சரியாகியிருக்கும். அது அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் கத்திய பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அவள் தட்டைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு என் வீட்டுக்குள் அவள் பூ வைத்து நான் பார்த்ததில்லை.

மதுரையில் இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். பஸ்ஸில் ஏறினால் பூ, ஆட்டோக் கண்ணாடியில் பூ, பரோட்டாக் கடை கல்லாப்பெட்டிக்கு மேல் பூ. நான் தாலி கட்டிய பெண் தலையில் மட்டும் பூ இல்லை. முதல் தீபாவளிக்கு என் மாமியார் பந்து பந்தாகக் கட்டிக்கொண்டு வந்தார். மகள் வாசலிலேயே வாங்கி, எதிர்வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்ததைப் பார்த்தார். சாப்பிட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, எம்மக தலை மூளியா இருக்கதப் பாக்கச் சகிக்கல. அப்படி என்ன வேலை உங்களுக்கு?"

நான் அவருக்கு மூக்கைப் பற்றி ஒரு பாடம் எடுத்தேன். பழக்கம், ஓய்வு, முழங்கை மடிப்பு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பூவு ஆகாத மூக்க வச்சுக்கிட்டு, பூவு வாசத்தத்தான செஞ்சு விக்கிறீக?" என்றார்.

என் மனைவி சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் போனாள். நானும் பெருந்தன்மையாகச் சிரித்துவைத்தேன். பாமரருக்கு இதெல்லாம் புரியாது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். இப்போது அந்த நினைப்பை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

வேலை விஷயத்தில் நான் சோம்பேறி இல்லை. ஒன்றைச் செய்ய வேண்டும் என்றால் அது இருக்கும் இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்வேன். சோழவந்தான் வெற்றிலையை வைத்து ஒன்று செய்தபோது மூன்று நாள் ஒரு கொடிக்காலுக்குள் கிடந்தேன். ஈர மண், அகத்தி இலை, கொடிக்கால்காரர் காலையில் திறந்துவைக்கும் பழைய சோறு, எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். வாசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கையைக் காட்ட முடியும். அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு.

மல்லிகை மட்டும் படியவில்லை. மதுரைக்காரன் மல்லிகை செய்யாமல் இருக்கலாமா என்று எல்லோரும் கேட்டார்கள். திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் தோட்டம் தோட்டமாக அலைந்தேன். மொட்டாக இருக்கும்போது, விரியும்போது, வெயில் ஏறிய பிறகு என்று முகர்ந்து பார்த்தேன். பூவிலிருந்து வாசனை எடுக்கும் ஆலையில் கிடைக்கும் கெட்டியான பழுப்புச் சாற்றை வாங்கி வந்து கலந்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடையில் விற்கும் பூ மாதிரி இருந்தது. யாருடையதும் இல்லாத பூ. வருடக்கணக்கில் இப்படியே போனது.

தினமும் ஆறு மணிக்கு மாடியை விட்டு இறங்குவேன். முகம் கழுவி, கூடத்தில் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்வேன். அதற்குச் சற்று முன்னால்தான் என் மனைவி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்திருப்பாள். காபி கிடையாது என்பதால் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து, குனிந்து என் பக்கத்து ஸ்டூலில் வைப்பாள். வாசனையே இல்லாத வீடு. நாள் முழுக்க உழைத்த மூக்கு அங்கே சுத்தமாகிவிடும். அந்த நேரத்தில் எனக்கு ஒரு மல்லிகை வரும்.

வரும் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கிருந்தும் இல்லாமல் வரும். தோட்டத்து மல்லிகை இல்லை. ஓரம் பழுப்பேறிய, லேசாக உப்பும் எண்ணெயும் கலந்த, சூடான மல்லிகை. இரண்டு மூச்சு இருக்கும், போய்விடும். வீட்டில்தான் வாசனை கிடையாதே. ஆகவே இது என் மண்டைக்குள்ளிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டினேன். நோட்டில் "சாயங்கால மல்லி, எங்கிருந்தும் இல்லை" என்று எழுதினேன். கொடிக்காலில் மூன்று நாள் கிடந்தவனுக்கு, கடைசியில் தன் மண்டையே ஒரு தோட்டம் என்று தெரிந்தால் எவ்வளவு சந்தோஷமாக இருக்கும். எனக்கு இருந்தது.

அதைப் பிடிக்க நாற்பது தடவைக்கு மேல் கலந்தேன். மல்லிச் சாற்றோடு, பூ வாடும்போது வருமே ஒரு கனத்த வாடை, அதைத் தரும் ஒன்றை ஒரு சொட்டு சேர்த்தேன். தேங்காய் வாசனை கொஞ்சம். வேர்வை மாதிரி தெரிவதற்குச் சீரகத் தைலம், ஊசி முனை அளவு. மரிக்கொழுந்து ஒரு துளி. கடைசியாக இரும்பை நக்கினால் நாக்கில் படுகிற மாதிரி ஒரு வாடை. ஏன் இதையெல்லாம் சேர்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. கை தானாகப் போய் அந்தந்த பாட்டிலை எடுத்தது. அதைத்தான் பெரியவர்கள் கலை என்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

முடித்ததை முதலில் பழைய நகரத்தில் அத்தர் கடை வைத்திருக்கும் பாயிடம் எடுத்துப் போனேன். பரம்பரையாக அதே கடை. என்னைவிட நல்ல மூக்கு அவருக்கு. மணிக்கட்டில் ஒரு துளி தடவி, கடைக்கு வெளியே போய் நின்று முகர்ந்தார்.

"மாஷா அல்லா. நல்லா வந்திருக்குண்ணே. ஆனா இது வெறும் பூ இல்ல. இதுக்குள்ள ஒரு ஆள் இருக்காங்க."

"நான்தான் பாய், வேற யாரு?" என்றேன்.

"நீங்க இல்லண்ணே," என்று சொல்லிவிட்டு வேறு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார். ஏதோ தத்துவம் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாசனைதான் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. எங்கெங்கோ இருந்து கேட்டு எழுதினார்கள். பெட்டிக்குள் வைக்க ஒரு சின்ன அட்டை அச்சடித்தேன். வாசனை பிறந்த கதையை எல்லோரும் கேட்டார்கள். "எங்கிருந்தும் இல்லை" என்று அட்டையில் போட முடியுமா? அதனால், மழை விட்ட ஒரு மாலையில் மல்லித் தோட்டத்தில் நான் தனியாக நின்றபோது கிடைத்தது என்று எழுதினேன். நான் மழையில் எந்தத் தோட்டத்திலும் நின்றதில்லை. தும்மல் வரும்.

இவ்வளவுக்கும் என் மனைவி அதை முகர்ந்தே பார்க்கவில்லை. செய்து முடித்தது எதுவும் கீழே வராது. பார்சல்கள் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் வெளிப்படி வழியாகவே போய்விடும். அதற்காக அவளை மேலே கூப்பிட்டு ஒரு தடவை காட்டியிருக்கலாம். தோன்றவில்லை. முகம் தெரியாதவர்களிடமெல்லாம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டு எழுதியவன் நான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தச் சாயங்கால மல்லி வருவது நின்றுபோனது. முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகு தினமும் ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். வெந்நீர் வந்தது; மல்லிகை வரவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வயதாகிவிட்டது, மூக்கு போய்விட்டது, மண்டையில் ஊறியது வற்றிவிட்டது என்று புலம்பினேன். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். மூக்கு நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதும் அவர் மேல் கோபம் வந்தது. அதே சமயத்தில் என் மனைவிக்குத் தைராய்டு என்று மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். நான்தான் மாத்திரை வாங்கி வருவேன். அவள் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "பாத்துக்க" என்றேன். என் கவலை எனக்கு.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடியோ எடுப்பதற்காக ஒரு பெண் வந்தாள். தனியாக வாசனை செய்கிறவர்களைத் தேடித் தேடிப் பேட்டி எடுக்கிறாளாம். கூடத்தில் கேமராவை வைத்துவிட்டு, "இந்த மல்லி உங்களுக்கு எப்படி சார் தோணுச்சு?" என்று கேட்டாள். நான் அட்டையில் இருந்த மழையையும் தோட்டத்தையும் இன்னும் கொஞ்சம் நனைத்துச் சொன்னேன். சட்டத்தை மீறி அன்று பாட்டிலைக் கூடத்துக்கே கொண்டுவந்திருந்தேன். என் மனைவி அந்தப் பெண்ணுக்கு மோர் கொண்டுவந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. இத ஸ்மெல் பண்ணா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?" என்று அவள் ஒரு தாள் துண்டில் தொட்டு நீட்டினாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். ரொம்ப நாளாகக் காணாமல் போயிருந்த ஒன்றைக் கண்டெடுத்தவள் மாதிரி சிரித்தாள்.

"இது தலையில இருந்து கழட்டுன பூவாச்சே," என்றாள். "காலையில வச்சது. எண்ணெ, வேர்வை, ஹேர்பின் வாடைகூட இருக்கே. மரிக்கொழுந்து வேற. எங்க ஸ்டாஃப் ரூம் பூவே தான்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சூப்பர் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு என்னிடம் அடுத்த கேள்வி கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பிறகு அந்த வீடியோ வந்தபோது என் மனைவி பேசியது அதில் இல்லை. மழையும் தோட்டமும் இருந்தன.

அன்று அந்தப் பெண் போன பிறகு என் மனைவியிடம் கேட்டேன். "ஸ்டாஃப் ரூம் பூன்னா என்ன?"

என் மனைவி மோர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அவர்கள் பள்ளியில் தினமும் ஒரு டீச்சர் ஒரு பந்து பூ வாங்கி வருவார். முறை வைத்து வாங்குவார்கள். மல்லியும் இடையிடையே மரிக்கொழுந்தும் வைத்துக் கட்டியது. மணி அடிப்பதற்குள் எல்லோருக்கும் நறுக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

"பூவ வேணாம்னு சொல்லக் கூடாதுல்ல. அதான் வாங்கி வச்சுக்குவேன். நம்ம ஸ்டாப்புல எறங்குனதும் கழட்டிருவேன். மிதிபடக் கூடாதுன்னு வாசல் வேப்ப மரத்துல தொங்கவிட்டுட்டு வருவேன். உள்ள கொண்டாந்ததே இல்லங்க."

குற்றம் சாட்டப்பட்டவள் மாதிரி கடைசி வாக்கியத்தைச் சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது.

"எத்தன வருஷமா?"

"வேலைக்குப் போன நாள்ல இருந்துதான். இப்ப ரெண்டு வருஷமா இல்ல. முடி இல்லையே, எங்கிட்டு வைக்க?"

நான் வாசலுக்குப் போனேன். வேப்ப மரத்தின் தாழ்ந்த கிளையில், கவட்டை ஒன்றில், காய்ந்த நாரும் நூலும் பழுப்பாகச் சிக்கிக் கிடந்தன. வருடக்கணக்கில் தினமும் அதைப் பார்த்திருக்கிறேன். காக்கை கூடு கட்டக் கொண்டுவந்தது என்று நினைத்திருந்தேன். எட்டி ஒரு நூலை எடுத்து முகர்ந்தேன். வெறும் தூசி வாடைதான் இருந்தது.

பூவைத்தான் அவள் வெளியே விட்டாள். எட்டு மணி நேரம் பூ இருந்த முடி அவளோடு உள்ளே வந்தது. குனிந்து வெந்நீர் வைத்தபோது அதுதான் எனக்கு வந்தது. தேங்காய் எண்ணெய், பஸ் வேர்வை, கொண்டை ஊசி எல்லாவற்றையும் என் மூக்கு சரியாக எண்ணியிருக்கிறது. ஒரு வாசனை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. கையெட்டும் தூரத்தில் நின்ற பெண்ணை விட்டுவிட்டு, என் மண்டையைப் பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அத்தர் கடைப் பாய் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்தது எனக்கு இத்தனை வருடத்தில் தெரியவில்லை.

மறுநாளே சட்டத்தை எடுத்துவிட்டேன் என்று அவளிடம் அறிவித்தேன். பெரிய மன்னிப்பு கேட்கத்தான் நினைத்தேன். வாயில் வந்தது அறிவிப்புதான். "இனிமே பூ வைக்கலாம். ஊதுபத்தியும் ஏத்தலாம்." அவள், "ம்" என்றாள். ஊதுபத்தி வாங்கினாள். காபிப் பொடி வாங்கினாள். பூ வாங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே போய் வாங்கி வந்தேன். இலையில் மடித்து, இரண்டு முழம். எத்தனை முழம் கேட்பது என்றுகூடத் தெரியாமல், கல்யாணமான புதிதில் மாடிப்படியில் நின்றபோது அவள் வைத்திருந்த அளவையே கேட்டேன். அவள் பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவி நின்றாள். கையில் கொடுத்தேன்.

"எதுக்குங்க இம்புட்டு?" என்றாள். பூவை முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள். பிறகு, "எனக்கு நிக்காதுங்க," என்றாள்.

"திரும்பு, நான் வைக்கிறேன்."

திரும்பினாள். அன்றைக்குத்தான் அவள் தலையைப் பக்கத்தில் பார்த்தேன். நடுவில் தோல் தெரிந்தது. பின்னால் ஒரு எலுமிச்சை அளவுக்குக் கூட இல்லாத முடிச்சு. பூவை இரண்டாக மடித்து வைத்து ஊசி குத்தினேன். வழுக்கி விழுந்தது. ஒரு முழமாக நறுக்கினேன். மறுபடி குத்தினேன். "வலிக்குதா?" என்றேன். "இல்ல" என்றாள். அரைச் சொட்டு, கால் சொட்டு என்று அளக்கிற கை இது. ஒரு கொண்டை ஊசியை நிறுத்தத் தெரியவில்லை. ஊசி பிடிப்பதற்கு அங்கே முடி இல்லை. மூன்றாவது தடவை பூ அவள் கழுத்தில் சரிந்து, முதுகு வழியாகத் தரையில் விழுந்தது.

"மன்னிச்சிரு" என்றேன். எதற்கு என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவள் குனிந்து பூவை எடுத்தாள். ஓர் இதழையும் விடாமல் உதிர்ந்ததையும் பொறுக்கினாள். நறுக்கி வைத்திருந்த மீதியையும் எடுத்துக்கொண்டாள். சாமி படத்துக்குப் போடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாசல் கதவைத் திறந்தாள்.

"எங்க போற?"

"தலையில பட்டது, சாமிக்கு ஆகாது. மரத்துல போட்டுட்டு வாரேன்," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "உள்ள இருந்தா காலையில உங்க வேலை கெட்டுப்போகும்ல."